சேர்ந்து படித்தோம், எனக்கு மட்டும் வேலை கிடைத்தது: தோழிக்கு எப்படித் துணை நிற்பது?

யானைமலைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தோழியும் ஒத்தக்கடையை ஒட்டிய அடுத்தடுத்த ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே அரசுப் பள்ளி, பிறகு மதுரையில் ஒரே மகளிர் கல்லூரி. பட்டம் பெற்றதும் இருவரும் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குச் சேர்ந்தே படித்தோம். விடியற்காலையில் அவள் தன் அம்மாவுடன் உட்கார்ந்து பூக்கட்டி முடித்த பிறகு, இருவரும் மாட்டுத்தாவணி வந்து, அங்கிருந்து புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போவோம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், மதியச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டால் கைக்காசு செலவாகாது. பொதுத்தமிழில் அவள் கெட்டி; கணக்கில் நான் கெட்டி. இலக்கணமும் செய்யுளும் அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். கூட்டுவட்டி, விகிதம், ஆள்களும் நாள்களும் ஆகியவற்றை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

தேர்வு முடிவில் என் தரவரிசை எண் பணிக்குள் வந்தது. அவளுடையது கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. சான்றிதழ் சரிபார்ப்புக்காகத் தமிழ்வழியில் படித்ததற்கான சான்று வாங்க நான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அலைந்தபோதெல்லாம் அவள்தான் உடன் வந்தாள். இப்போது உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். நான் பணியில் சேர்ந்த பிறகு அவள் நூலகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பேசினால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்கிறாள். பயிற்சி மையத்தில் சேர நான் பணம் கட்டுகிறேன் என்று சொன்னதற்கு, "நீ உன் வேலையைப் பாருடி, என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். அதில் கோபம் இல்லை. ஆனால் ஒரு கதவு சாத்தப்பட்டது எனக்குத் தெரிந்தது. அவள் மறுபடியும் எழுதி வெல்ல வேண்டும் என்பது என் விருப்பம். அவளைக் கீழே வைத்துக் கை நீட்டுவது போல இல்லாமல் நான் எப்படித் துணை நிற்பது?

நத்தம் சாலை வாசகி எழுதியது:

உங்கள் தோழியின் இடத்தில் இருப்பவள் நான். என்னுடன் படித்தவள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பணியில் சேர்ந்துவிட்டாள். நான் இன்னும் அதே நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தோற்றவளுக்கு முதலில் வருவது பொறாமை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது வராமல் இல்லை. ஆனால் அது சீக்கிரம் ஓய்ந்துவிட்டது. ஓயாமல் இருந்தது வேறொன்று. அவளுக்கு இனி நான் எதற்கும் தேவைப்பட மாட்டேன் என்ற எண்ணம் அது. அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டோம், திருத்திக்கொண்டோம், சண்டை போட்டுக்கொண்டோம். அவள் தேர்ச்சி பெற்ற மறுநாளிலிருந்து கேள்வி கேட்பவள் அவள், பதில் சொல்பவள் நான் என்று ஆகிவிட்டது. "எத்தனை மாதிரித் தேர்வு எழுதினாய்? எவ்வளவு மதிப்பெண் வந்தது?" என்று அக்கறையோடுதான் கேட்டாள். எனக்கு அது மேற்பார்வையாகத் தெரிந்தது. தன் குறிப்பேடுகளை எல்லாம் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் குறிப்பேடுகளில் பாதி என் வாயால் சொல்லி அவள் எழுதிக்கொண்டவை.

அவள் அலுவலகத்தில் என்ன நடக்கிறது, மேலதிகாரி எப்படி, தனியாகத் தங்கியிருக்கும் அறையில் பயமாக இருக்கிறதா என்று நான் கேட்டால், "எல்லாம் நன்றாகத்தான் போகிறது" என்று ஒரு வரியில் நிறுத்திவிடுவாள். என் மனம் புண்படக் கூடாது என்று அப்படிச் செய்தாள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்ததெல்லாம், இனி இவள் கஷ்டத்தைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை என்பதுதான். உங்கள் பதிவில் அவள் கஷ்டம் இருக்கிறது, அவளுக்கு நீங்கள் செய்ய நினைப்பது இருக்கிறது. உங்கள் கஷ்டம் ஒன்றுகூட இல்லை. அதை அவளிடமும் சொல்லாமல் இருக்கிறீர்களா?

செல்லூர்த் தம்பி எழுதியது:

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? நட்பில் கணக்குப் பார்க்கக் கூடாது. அடிப்படை ஊதியமே 19,500 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படியும் இருக்கிறது. அவர் வேண்டாம் என்றாலும் பயிற்சி மையத்தில் நேரடியாகக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, சேர்ந்துவிட்டாய் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் அப்படித்தான் செய்வோம்.

மேலூர் ஆசிரியை எழுதியது:

தம்பி, உங்கள் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்று ஒருத்தி தெளிவாகச் சொன்ன பிறகு அவள் பெயரில் பணம் கட்டுவது, அவள் சொல்லுக்கு மதிப்பில்லை என்று அவளிடமே சொல்வதற்குச் சமம். அதோடு, நம் ஊர்களில் ஒரு பெண்ணுக்கு வரும் பணம் அவளோடு நிற்பதில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்குத் தெரியும், சித்திக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அடுத்த தேர்விலும் தரவரிசை தள்ளிப்போனால் "அந்தப் பிள்ளை காசையும் வீணாக்கினாள்" என்ற பேச்சு அவள் தலையில்தான் விழும். தோழிக்குத் தோற்கும் உரிமையையும் விட்டுவைக்க வேண்டும்.

பணம்தான் தடை என்றால் பணம் இல்லாத வழிகள் இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகள் நடத்துகிறார்கள். மதுரையில் அந்த அலுவலகம் கோ.புதூரில் இருக்கிறது. பாடத்திட்டத்தின் பெரும்பகுதி பள்ளிப் பாடநூல்களுக்குள்ளேயே அடங்குகிறது. அவற்றைக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம்.

ஆனால் எனக்கு ஓர் ஐயம். அந்தப் பெண் நூலகத்துக்குப் போகாததற்கு மனம் மட்டும்தானா காரணம்? பூக்கட்டும் வீட்டில் முகூர்த்த மாதங்கள் எப்படி இருக்கும் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். தையிலும் ஆவணியிலும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை விலை ஏறும்போது கட்டுக் கூலிக்கு ஆள் போதாது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கையும் தேவைப்படும். இவ்வளவு நாள் இரண்டு பெண்கள் சேர்ந்து கிளம்பியதால், "அந்தப் பிள்ளை வந்து நிற்கிறது, போய்விட்டு வா" என்று அம்மா அனுப்பியிருப்பார். இப்போது வாசலில் வந்து நிற்க யாரும் இல்லை. உங்கள் துணை கணக்குப் பாடத்தில் மட்டும் இருந்ததாக நினைக்காதீர்கள். வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கான காரணமாகவும் நீங்கள்தான் இருந்தீர்கள்.

யானைமலைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா, வாசலில் நிற்பது பற்றி நீங்கள் எழுதியது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அம்மா உண்மையில் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்.

வாசகி அக்கா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆம், என் கஷ்டங்களை அவளிடம் சொல்வதில்லை. வேலை இல்லாதவளிடம் போய் வேலையில் உள்ள கஷ்டத்தைச் சொல்வது, பசித்தவள் முன்னால் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்வது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். இப்போதும் அது முழுக்கத் தவறான நினைப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

கஷ்டம் இல்லாமல் இல்லை. காலையில் ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து ஆரப்பாளையம், பிறகு உசிலம்பட்டிப் பேருந்து என்று போவதற்குள்ளேயே களைத்துவிடுகிறேன். திரும்பி வரும்போது இருட்டிவிடுகிறது. அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த பிரிவில் எனக்கு முன்னால் இருந்தவர் மாறுதலில் போய்விட்டார். வரும் கடிதங்களைப் பதிந்து வைக்கும் தன்பதிவேட்டை எப்படி எழுதுவது, குறிப்பு எப்படி வைப்பது, வரைவுக் கடிதம் எப்படித் தயாரிப்பது என்று சொல்லித் தர ஆளில்லை. நான் எழுதி வைக்கும் வரைவு பெரும்பாலும் சிவப்பு மையோடுதான் திரும்பி வருகிறது. என் தமிழ் அவ்வளவு சரளமானது அல்ல என்பது இந்த இழையைப் படிப்பவர்களுக்கே தெரிந்திருக்கும். இந்தப் பதிவுகளையும் நான் பலமுறை அடித்துத் திருத்தித்தான் இடுகிறேன். வீட்டில் அரசு வேலை வந்துவிட்டது என்று வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தகுதிகாண் பருவம் முடியட்டும் என்று நான் சொல்வது எடுபடவில்லை.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் எழுதியது:

மகளே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். அவை உன் நட்பைப் பற்றியும் ஆகும்.

குரூப் 4 வினாத்தாளில் இருநூறு கேள்விகளில் நூறு தமிழ். அந்தப் பகுதியில் 150க்கு 60 மதிப்பெண் வராவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். வந்தால் அந்த மதிப்பெண்ணும் தரவரிசையில் சேரும். தமிழை உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் உன் தோழி. ஆகவே உன் பணி ஆணையில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதை உபசாரமாகச் சொல்லாதே. எந்தக் கேள்விகள் அவள் சொல்லிக் கொடுத்ததால் வந்தன என்று உனக்குத் தெரிந்திருக்கும், அவற்றைச் சொல்.

அடுத்தது, உன் தேர்வு முடிந்துவிட்டதாக நினைக்கிறாயா? இளநிலை உதவியாளர்கள் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சிக்குப் போக வேண்டும். துறைத் தேர்வுகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் மே, டிசம்பர் மாதங்களுக்கான தேர்வுகளாக அவற்றையும் அதே தேர்வாணையம்தான் நடத்துகிறது. அவற்றை முடிக்காமல் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பின்னால் வந்தவர்கள் அவர்களைத் தாண்டிப் பதவி உயர்வில் போனார்கள். ஆக, நீயும் தேர்வு எழுதுபவள்தான், அவளும் தேர்வு எழுதுபவள்தான். சேர்ந்து படிக்கக் காரணம் தேட வேண்டியதில்லை.

வரைவுக் கடிதம் திருத்தப்பட்டு வருவதைப் பற்றி ஒரு சொல். தமிழ் நன்றாகத் தெரிந்த தோழியிடம் காட்டித் திருத்தம் கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். ஆனால் அலுவலகக் கோப்பை வீட்டுக்கு எடுத்து வராதே, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. ஊர், பெயர், கோப்பின் ந.க. எண் எதுவும் இல்லாமல் நீயே கற்பனையாக ஒரு பொருளை வைத்துக்கொண்டு எழுதிப் பார். அதை அவள் திருத்தட்டும். பொதுவாகத் தவறு வருவது மொழியில் அல்ல, வரிசையில்தான்: பார்வையில் காணும் கடிதம் எது, அதில் என்ன கேட்டார்கள், விதி என்ன சொல்கிறது, நாம் என்ன முடிவுக்கு வருகிறோம். இந்த நான்கும் வரிசையாக வந்துவிட்டால் மேலதிகாரியின் சிவப்பு மைக்கு வேலை குறையும்.

செல்லூர்த் தம்பி எழுதியது:

கட்டணம் கட்டும் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இப்போது வேலையில் இருப்பவருக்குக் கோப்பு எழுதச் சொல்லித் தர, பேச்சுத் துணைக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தோழியைக் கூப்பிடச் சொல்கிறீர்கள். தோற்றவர் தலையில் இன்னும் சுமை ஏற்றுவது போலத் தெரிகிறதே?

நத்தம் சாலை வாசகி எழுதியது:

நியாயமான கேள்வி. என் அனுபவத்தில், உண்மையான தேவைக்குக் கேட்டால் அது சுமையாகத் தெரிவதில்லை. பொய்யான தேவைக்குக் கேட்டால் அதைவிட அவமானம் வேறில்லை. என் தோழி ஒருமுறை, எனக்கு உற்சாகம் வரட்டும் என்று, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செய்யுளுக்குப் பொருள் கேட்டாள். அவளுக்கு அது தெரியும் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அன்றைக்கு இருவருக்குமே பேச்சு ஓடவில்லை. பிறகு, தங்கியிருந்த விடுதியில் அவளுக்கு அம்மை போட்டபோது, வீட்டுக்குச் சொல்லப் பயந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போய் ஒரு வாரம் இருந்தேன். அந்த வாரத்தில் நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. இருந்தாலும் அதற்கு அடுத்த மாதம்தான் நான் மறுபடியும் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று விளக்க எனக்குத் தெரியவில்லை.

யானைமலைத் தங்கைக்கு: சாப்பாட்டில் உப்பு இல்லை என்று நீங்கள் எழுதியதை ஏற்றுக்கொள்ள மாட்டேன். இருட்டிய பிறகு தனியாகப் பேருந்துக்கு நிற்பதும், விருப்பம் இல்லாத வரனுக்குத் தலையாட்டச் சொல்லி வீட்டில் நெருக்குவதும் வேலை கிடைத்தவளின் சொகுசுக் குறைகள் அல்ல. வேலை இல்லாத பெண்ணுக்கும் அவை அப்படியே தெரியும். அவற்றைப் பற்றிப் பேச உங்கள் இருவரையும் விடப் பொருத்தமானவர்கள் யார்?

வாடிப்பட்டி வாசுகி எழுதியது:

வரன் விஷயத்தில் மட்டும் என் கருத்து. நம் வீடுகளில் மகள் சொல்வதைக் கேட்காத அம்மாக்கள், மகளின் தோழி சொன்னால் கேட்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. என் தோழி எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று, "அத்தை, இவள் பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டும், துறைத் தேர்வு எழுத வேண்டும், இப்போது மாப்பிள்ளை வீட்டார் வந்து அடுத்த மாதமே நாள் குறிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். நான் ஆறு மாதம் அழுது பேசியும் அசையாத அம்மா, அன்றைக்கு அப்பாவிடம் தேதியைத் தள்ளிப் பேசினார். உங்கள் தோழியை உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும் என்றால் அவளையே பேசச் சொல்லுங்கள். பதிலுக்கு அவள் அம்மாவிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள். காலைப் பூவுக்குப் பிறகு அவளை நூலகத்துக்கு அனுப்பும்படி அவளே கேட்பதைவிட, சம்பளம் வாங்கும் நீங்கள் கேட்டால் எடுபடும். அதைக் கேட்கும் இடம் உங்களுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

எல்லோரும் இந்த நட்பு நீடித்தே தீர வேண்டும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பள்ளி நட்பு பணிக்குப் போன பிறகு மெலிவது இயல்பு. அந்தப் பெண் ஒதுங்க விரும்பினால் ஒதுங்க விடுவதும் மரியாதைதான். ஓயாமல் துணை நிற்கிறேன் என்று பின்னால் போவதும் ஒரு வகைத் தொந்தரவு.

மேலூர் ஆசிரியை எழுதியது:

ஒதுங்க விடலாம். ஆனால் ஒதுங்குவதும் ஒடுங்குவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். பேச்சைக் குறைத்தவள் வீட்டில் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, தன்னைப் பற்றிச் சலிப்பாகப் பேசுகிறாளா என்று ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட்டு ஒதுங்க விட வேண்டும். தேர்வு முடிவுக்குப் பின் பிள்ளைகள் மனமுடைவதை வகுப்பறையில் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். வாழ்வதில் பொருளில்லை என்பது போல அவள் ஏதாவது சொன்னால், தோழியாக நீங்கள் மட்டும் தாங்கிக்கொள்ள முயலாதீர்கள். வீட்டில் நம்பத்தகுந்த ஒருவரிடம் சொல்லுங்கள், 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். அது கட்டணமில்லாதது, தமிழிலும் பேசலாம். அப்படி ஒன்றும் இல்லை, அவள் உங்களிடம் இருந்து விலக மட்டுமே நினைக்கிறாள் என்றால் வைகைக்கரை சொல்வது சரி.

யானைமலைக்காரி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் வந்தேன். ஆசிரியை அம்மா பயந்தது போல ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னைத் திட்டவும் செய்தாள். நூலகத்துக்குப் போகாததற்குப் பாதிக் காரணம் முகூர்த்தம்தான். மீதிக் காரணத்தை அவள் சொன்ன விதத்தில் இங்கே எழுத முடியாது. ஏறக்குறைய வாசகி அக்கா முதல் பதிவில் எழுதியதுதான்.

உசிலம்பட்டிப் பேருந்து, சிவப்பு மை, வரன் எல்லாவற்றையும் சொன்னேன். வரன் விஷயத்தைக் கேட்டதும் "இதை ஏன்டி இவ்வளவு நாள் சொல்லவில்லை?" என்று உண்மையிலேயே கோபப்பட்டாள். அடுத்த வாரம் என் அம்மாவிடம் பேச வருகிறாள். அவள் அம்மாவிடம் நான் பேசிவிட்டேன். முகூர்த்தம் இல்லாத நாள்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் அவளைப் பிடித்து வைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் முகூர்த்த நாளில் ஒன்றும் கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பணத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. கோ.புதூர் இலவச வகுப்பைப் பற்றிச் சொன்னேன். விசாரிக்கிறேன் என்றாள், போவாளா என்று தெரியாது. தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தேவையான, தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால் அவளுடையது எப்போது முடிகிறது என்று பார்த்தோம். இன்னும் காலம் இருக்கிறது. கணக்கில் வாரம் ஒரு தேர்வு நான் வைக்கிறேன் என்றதற்கு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். துறைத் தேர்வுப் பாடத்தில் அவளும் எனக்கு வாரம் ஒரு தேர்வு வைப்பாளாம், மதிப்பெண்ணை இருவரும் மறைக்காமல் சொல்ல வேண்டுமாம். அவளுக்கு அந்தப் பாடம் தெரியாதே என்றால், "புத்தகத்தைக் கொடு, கேள்வி கேட்க எனக்கு விடை தெரிய வேண்டுமா?" என்கிறாள்.

கண்காணிப்பாளர் ஐயா, முதலில் எந்தத் துறைத் தேர்வைத் தொடங்குவது நல்லது?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் எழுதியது:

உன் துறைக்கு எந்தத் தேர்வுகள் கட்டாயம் என்பதை முதலில் உன் அலுவலகப் பணியமைப்புப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்; துறைக்குத் துறை அது மாறும். அலுவலக நடைமுறை பற்றிய தாள் உன் பட்டியலில் இருந்தால் அதிலிருந்து தொடங்கு. தன்பதிவேடு, கோப்பு, நினைவூட்டு என்று நீ அன்றாடம் கையால் செய்வதே பாடமாக வருவதால் மனத்தில் நிற்கும். கணக்குத் தொடர்பான தாள்களை அடுத்து வைத்துக்கொள். சில தாள்களைப் புத்தகம் பார்த்து எழுத அனுமதி உண்டு. அதை நம்பிப் படிக்காமல் போனவர்கள் தேர்வறையில் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே நேரத்தை விட்டிருக்கிறார்கள். எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று உன் தோழியைக் கேட்கச் சொல்.